புதுச்சேரிப் பதிவெண் கார்களின் சாலை வரி: போக்குவரத்து ஆணையருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வாகனக் காப்பீட்டு முகவர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள், தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: வெளிமாநிலப் பதிவெண் வாகனங்களின் வரி ஏய்ப்பைத் தடுத்தல், மறுபதிவை எளிமையாக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூரிலேயே குடியிருந்து, இங்கேயே தொழிலும் செய்துகொண்டு, புதுச்சேரிப் பதிவெண்ணில் கார் ஓட்டுகிறவர்கள் பலர். பாலிசி புதுப்பிக்க வரும்போது ஆர்.சி. புத்தகத்தை நீட்டுவார்கள், அதில் புதுச்சேரியின் ஏதோ ஒரு வாடகை வீட்டு முகவரி இருக்கும். தபாலை எங்கே அனுப்புவது என்று கேட்டால் திருப்பாதிரிப்புலியூர் என்பார்கள். காரணம் ஊரறிந்தது. 2023 நவம்பரில் வரி உயர்ந்த பிறகு 15 லட்ச ரூபாய் காருக்கு இங்கே ஆயுட்கால வரி 18 சதவீதம், அதாவது 2,70,000 ரூபாய். புதுச்சேரியில் அதைவிட மிகக் குறைவு.

வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. அந்த 12 மாதம் எப்போது தொடங்கியது என்பதில்தான் சிக்கல். "போன மாதம்தான் வந்தேன்" என்று உரிமையாளர் சொன்னால், மறுக்க வாகன ஆய்வாளர் கையில் எதுவும் இல்லை. பாகூரிலிருந்து அன்றாடம் வேலைக்கு வந்துபோகும் அசல் புதுச்சேரிக்காரரோ ஒவ்வொரு சோதனையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சான்று அரசிடமே இருக்கிறது. நம் காவல்துறை விதித்த இணையவழி அபராதங்களில் தேதியும் இடமும் உள்ளன. இரண்டு ஆண்டுகளாகக் கடலூரில் அபராதம் கட்டிவரும் வண்டி போன மாதம் வந்ததாக இருக்க முடியாது. அதோடு பாலிசியின் தொடர்பு முகவரியையும் ஒப்பிட்டு, முரண்படும் உரிமையாளருக்கு முதலில் அறிவிப்பு அனுப்பி விளக்கம் கேட்கலாம். இதனால் என் வாடிக்கையாளர்கள் சிலர் என்னிடம் வராமல் போகலாம், போகட்டும்.

ஆனால் நேர்மையாக மறுபதிவுக்கு வருகிறவரையும் நாம் துரத்தியடிக்கிறோம். பழைய அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரியை மொத்தமாகக் கட்ட வேண்டும், பிறகு அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பப் பெற மறுபடியும் அலைய வேண்டும். 2021இல் வந்த, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். (பாரத்) வரிசைப் பதிவில் இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்ட மத்திய அரசு இடம் தந்திருக்கிறது. மறுபதிவுக்கு வரும் சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கும் அத்தகைய தவணை முறையை அனுமதிக்கவும், திரும்பப் பெறும் தொகையைப் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையுடன் பேசி நேரடியாக ஈடுசெய்யவும் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

அபராதப் பதிவுகளை ஒப்பிடும் பணியை மட்டுமாவது கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் முதலில் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)