மாணவர் பக்கத்தில் வந்த 'டு' விதி

ஆசிரியருக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமைகளில் வரும் உங்கள் மாணவர் பக்கத்தை எங்கள் தெருப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். யாரும் படிக்காத பக்கமாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். சென்ற வாரம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு, ஒரு மார்க் கூடப் போகாத விதிகள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். முதல் விதி: 'டு' வந்தால் அடுத்து வினையின் முதல் வடிவம்தான், கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். நான்காம் விதி: 'உள்ளே' என்றால் 'இன்', 'மேலே' என்றால் 'ஆன்', மற்றதெல்லாம் 'அட்'.

கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விடைத்தாள்களை முகாம்களில் உட்கார்ந்து திருத்தியவள் நான். கடிதக் கேள்வியின் கடைசி வரியில் 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று கட்டுக்கட்டாக வரும். அங்கே 'மீட்டிங்' வர வேண்டும். இந்த 'டு' வேறு, 'வான்ட் டு மீட்' என்பதில் வரும் 'டு' வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி உண்டு. 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டு வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு இட்' முழுசாக நிற்கிறது. அப்படியானால் வினைக்கு 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு இட்' நிற்காது. ஆகவே 'டு மீட்'. 'ஐ யூஸ்டு டு', 'ஐ ஆம் யூஸ்டு டு' என்று பிள்ளைகளைப் போட்டுக் குழப்பும் ஜோடிக்கும் இதே சோதனை செல்லும். முன்னது 'இட்'டை ஏற்காது, பின்னது ஏற்கும். கட்டம் கட்டுவதாக இருந்தால் இதைக் கட்டியிருக்கலாம்.

தவறு எங்கிருந்து வருகிறது என்று உங்கள் பக்கத்தைத் தயாரிப்பவர் யோசித்த மாதிரி தெரியவில்லை. போகச் சொன்னார், போக விட்டார், போக வைத்தார், போகப் பிடிக்கும் என்று தமிழில் எல்லாவற்றுக்கும் 'போக' ஒன்றே போதும். செயவென் எச்சம் என்று தமிழய்யா சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஆங்கிலத்திலோ 'டோல்டு' வந்தால் 'டு கோ', 'லெட்', 'மேட்' வந்தால் வெறும் 'கோ', 'என்ஜாய்' வந்தால் 'கோயிங்'. அடுத்து என்ன வரவேண்டும் என்பதை முன்னால் நிற்கும் வினைதான் முடிவு செய்கிறது. 'என் அப்பா என்னைப் படிக்க வைத்தார்' என்பதை 'மை ஃபாதர் மேட் மீ டு ஸ்டடி' என்று பிள்ளை எழுதுவதற்குக் காரணம், 'மேட்' என்ற வினையை அதன் கூட்டாளி இல்லாமல் தனியாக மனப்பாடம் செய்ததுதான். அதே வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக்கினால் 'வாஸ் மேட் டு ஸ்டடி' என்று 'டு' திரும்பி வந்துவிடும். 'ஹெல்ப்' இரண்டுக்கும் இணங்கும், 'டு' இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இதை எந்த ஒற்றை விதிக்குள் அடைப்பீர்கள்? 'டாக்டர் சஜெஸ்டட் மீ டு டேக் ரெஸ்ட்' என்று படித்து வேலைக்குப் போனவர்களே எழுதுகிறார்கள். அந்த இடத்துக்கு 'அட்வைஸ்டு' பொருந்தும், 'சஜெஸ்ட்' பொருந்தாது.

சில இடங்களில் தமிழே கைகொடுக்கும். அதைச் சொன்னால் ஆங்கில வகுப்பின் கௌரவம் போய்விடும் என்று நினைப்பவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன், அது கிடக்கட்டும். 'டீ குடிக்க நின்றார்' என்றால் 'ஸ்டாப்டு டு டிரிங்க்'. 'டீ குடிப்பதை நிறுத்தினார்' என்றால் 'ஸ்டாப்டு டிரிங்கிங்'. 'வீட்டைப் பூட்ட மறந்துவிட்டேன்', 'வீட்டைப் பூட்டியதை மறந்துவிட்டேன்' என்ற இரண்டையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் குழப்பிக்கொள்ளாது. முன்னதற்கு 'ஃபர்காட் டு லாக்', பின்னதற்கு 'ஃபர்காட் லாக்கிங்' என்று காட்டினால் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்ளும்.

இடத்தைக் குறிக்கும் சொற்களுக்கு வருகிறேன். 'பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன், நிழற்குடையில் இருக்கிறேன், பெஞ்சில் இருக்கிறேன்.' மூன்றுக்கும் 'இல்'தான். ஆங்கிலத்தில் 'அட் த பஸ் ஸ்டாண்டு', 'இன் த ஷெல்டர்', 'ஆன் த பெஞ்ச்'. இடத்தை ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட்', சுற்றிலும் அடைப்பாக நினைத்தால் 'இன்', தாங்கும் பரப்பாக நினைத்தால் 'ஆன்'. உங்கள் நான்காம் விதிப்படி பார்த்தால், பஸ்ஸுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் 'ஆன் த பஸ்' என்பதும், சுவரில் தொங்கும் காலண்டர் 'ஆன் த வால்' என்பதும் தப்பாகிவிடும். எழுந்து நாலு அடி நடக்க முடிகிற பஸ், ரயில், கப்பல், விமானம் என்றால் 'ஆன்', உட்கார மட்டும் இடமுள்ள கார், ஆட்டோ என்றால் 'இன்' என்று சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் தப்பாது. அறை மூலைக்கு 'இன் த கார்னர்', தெரு முனைக்கு 'அட் த கார்னர்'. மூலை வேறு, முனை வேறு என்று தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'சென்னைக்கு வந்து சேர்ந்தேன்' என்பதில் உள்ள 'கு' உருபைக் கூடவே இழுத்துப்போய் 'ரீச்டு டு சென்னை' என்பார்கள். 'ரீச்'சுக்கு எதுவுமே வேண்டாம். 'அரைவ்'வுக்கு ஊர் என்றால் 'இன்', ஸ்டேஷன் என்றால் 'அட்'.

இட நுணுக்கம் நமக்குப் புதிதும் இல்லை. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் கண், கால், கடை, இடை, தலை, வாய் என்று தொடங்கி 28 உருபுகளை அடுக்குகிறது. பேச்சில் 'இல்' ஒன்றை வைத்தே சமாளித்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

வினையைக் கூட்டாளியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஏ.எஸ்.ஹார்ன்பி, ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்தும் மாணவனால் வாக்கியம் அமைக்க முடியாததைப் பார்த்து, வினைகளை அவற்றின் பின்னால் வருவதை வைத்து வகை பிரித்தார். 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதியில் அதைச் சேர்த்தார். 1954இல் வந்த அவருடைய கையேட்டில் 25 வினை அமைப்புகள் இருக்கின்றன. அவர் தொடங்கிய அந்த அகராதிதான் இன்றைய 'ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி'. பிள்ளைகளின் கைபேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வினைக்கும் பக்கத்திலேயே 'டு' வருமா, 'இங்' வருமா என்று போட்டிருக்கும். பிள்ளைகள் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, அந்த முதல் விதிக்கும் நான்காம் விதிக்கும் வருகிற செவ்வாயே திருத்தம் போடுங்கள், அதே அளவு கட்டத்தில். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் வெட்டி ஒட்டுகிறவர்கள் கண்ணில் படாது. இன்னொன்று, வாரம் ஐந்து வினைகளைப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முழு வாக்கியம், பக்கத்தில் அதே வாக்கியம் நல்ல தமிழில். 'மேக்', 'லெட்', 'ஸ்டாப்', 'சஜெஸ்ட்', 'ரீச்' என்று தொடங்கலாம். வாக்கியங்கள் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். பொதுத்தேர்வுக்கு முன்னால் தொடங்கிவிட்டால் இந்த வருஷப் பிள்ளைகளுக்கே உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை,
ஜெயங்கொண்டம்.