கெட்டிச்சாயம் என்று விற்ற சிவப்புத் துணியால் பாழான போர்வை: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
உங்கள் ஆறு வருட வாடிக்கையாளர்,
ஈரோடு.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
இணையவழித் துணி விற்பனை நிறுவனம்.

பொருள்: 2024 மே மாதம் வாங்கிய இரண்டரை மீட்டர் சிவப்பு காட்டன் துணி சாயம் போனது, அளவு குறைந்தது தொடர்பாக.

வணக்கம்.

நீங்கள் அனுப்பியிருக்கும் 650 ரூபாய் கூப்பனை நான் ஏற்கவில்லை. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் ஏற்கவில்லை என்பதை உங்கள் சாட் பெட்டியில் மூன்று முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் வந்து முதலிலிருந்து கேட்டார்கள். அதனால்தான் முழு விவரத்தையும் இந்தக் கடிதத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அந்தத் துணி என் மகளுக்காக நான் தைத்த குயில்ட் போர்வைக்கு, அதாவது துண்டுத் துணிகளை இணைத்து நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைக்கு, வாங்கியது. அவள் குன்னூரில் இருக்கிறாள். டிசம்பர் குளிருக்குக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் ரஜாய் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாமே பருத்தியாக, அம்மாவின் இரண்டு சுங்குடிப் புடவைகளை வெட்டிச் சேர்த்து, 72-க்கு 86 அங்குலத்தில் ஒரு போர்வை செய்வதென்று முடிவு செய்தேன். முப்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்பது சதுரத் துண்டுகள்: நான்கு சுங்குடி, ஐந்து வெள்ளை பாப்ளின். கட்டங்களுக்கு நடுவே ஓடும் இடைப்பட்டைக்கும் சுற்றி வரும் ஓரப்பட்டைக்கும்தான் உங்கள் சிவப்பு. அந்தத் துணியின் பக்கத்தில் நீங்கள் போட்டிருந்த வரிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்: "குயில்ட்டிங்குக்கு ஏற்ற 100 சதவீதக் காட்டன், ரியாக்டிவ் சாயம், கெட்டிச்சாயம், முன்பே துவைத்துச் சுருக்கியது, நேரடியாக வெட்டித் தைக்கலாம்."

வழக்கமாக எந்தப் புதுத் துணியையும் ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டுத்தான் வெட்டுவேன். இந்த ஒன்றை மட்டும் அலசவில்லை. மேலே சொன்ன வரிகளை நம்பியதுதான் காரணம்.

பார்சல் வந்த அன்றே டேப் வைத்து அளந்தேன். இரண்டரை மீட்டர் என்றால் 98 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். சரியாக 90 அங்குலம் இருந்தது. அதாவது மீட்டர் விலை வாங்கிக்கொண்டு கஜம் (36 அங்குலம்) அளந்து கொடுத்திருக்கிறீர்கள். எட்டு அங்குலத்துக்கு என்ன சண்டை என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். எடையளவுச் சட்டப்படி மீட்டர் என்று பில் போட்டால் மீட்டர்தான் கொடுக்க வேண்டும். இதையும் இந்தப் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் தொடங்கி ஜனவரி வரை வேலை. துண்டுகளை மெஷினில் இணைத்தேன். மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடித்து கையாலேயே ஓட்டுத்தையல் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சமையல் முடித்து, இரவு எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்தால் ஒரு நாளில் ஒரு கட்டம்கூட முடியாது.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெரிய அன்னக்கூடையில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டு, போர்வையை முதல்முறையாக நனைத்தேன். பத்து நிமிஷத்தில் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அவசரமாகத் தூக்கி, ஏழு முறை அலசினேன். ஏழாவது தண்ணீரும் ரோஸ் நிறம்தான். கொடியில் போட்டு வெயிலில் பார்த்தபோது, வெள்ளைத் துண்டுகளில் சிவப்புப் பட்டையை ஒட்டிய விளிம்பு எல்லாம் ஊறி, உள்பக்கம் போகப் போக வெளுத்துத் தெரிந்தது. அம்மாவின் புடவை சந்தன நிறம். ஒவ்வொரு புள்ளியும் துணியை விரல் நுனியில் கிள்ளி நூல் சுற்றிக் கட்டியது, அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் சிவந்து கிடக்கின்றன. அம்மா போய் நான்கு வருடமாகிறது. அந்தப் புடவைகள் மதுரையில் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் இனி எனக்குக் கிடைக்காது.

உங்கள் முதல் பதில், "வெட்டிய துணியைத் திரும்பப் பெறுவதில்லை." தைப்பதற்காக விற்கும் துணியை வெட்டாமல் என்ன செய்வது? இரண்டாவது பதில், பழைய சுங்குடியிலிருந்து சாயம் இறங்கியிருக்கலாம் என்பது. இதைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இருபது வருடம் துவைத்துக் கட்டிய புடவை அது. ஆனாலும் சோதித்தேன். மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒன்றில் சுங்குடித் துண்டு, ஒன்றில் பாப்ளின், ஒன்றில் உங்கள் சிவப்பு, ஒவ்வொன்றோடும் ஒரு வெள்ளை மல் துணித் துண்டு போட்டு அரை மணி நேரம் வைத்தேன். முதல் இரண்டு கிண்ணத்திலும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மூன்றாவதில் மல் துணி ரோஜாப்பூ நிறமாகிவிட்டது. மூன்று மல் துண்டுகளையும் இந்தக் கடிதத்தோடு பின் செய்திருக்கிறேன். அதே துணியில் பத்து அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டித் துவைத்துக் காயவைத்தேன், ஒன்பதரை அங்குலம் ஆனது. முன்பே சுருக்கியது என்பதும் பொய் என்று இதிலேயே தெரிகிறது.

மூன்றாவது பதிலில் உப்பும் வினிகரும் கலந்து ஊறவைக்கச் சொன்னீர்கள். எங்கள் தெருவில் சாயப்பட்டறை மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் துணியைக் காட்டினேன். ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு பிணைந்துவிட்டால் லேசில் போகாது, பிணையாமல் மிச்சம் நிற்கும் சாயத்தைக் கொதிநிலைக்குப் பக்கமான சூட்டில் சோப்புத் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும், அந்த 'சோப்பிங்'கைக் குறைத்திருக்கிறார்கள் என்றார். வீட்டில் உப்புப் போட்டாலும் வினிகர் ஊற்றினாலும் அந்த மிச்சச் சாயம் கெட்டியாகாது. அப்படி அலசினால் வரும் சாயத்தண்ணீரைச் சுத்திகரிப்பது செலவு பிடிக்கும் வேலை என்று எங்களுக்குத் தெரியாதா? நொய்யல் ஆற்றைக் காப்பாற்றுவதற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், எத்தனை குடும்பங்கள் வேலையில்லாமல் நின்றன என்பதையும் பக்கத்து ஊரிலிருந்து பார்த்தவள் நான். சரியாக அலசிய துணிக்கு மீட்டருக்கு நாற்பது ரூபாய் கூடச் சொல்லுங்கள், கொடுக்கிறேன். அலசாத துணியைக் கெட்டிச்சாயம் என்று விற்காதீர்கள்.

இனி செலவுக் கணக்கு. எனக்குக் கணக்கு எழுதும் வழக்கம் உண்டு, துணிக்கென்றே தனி நோட்டு. இந்தப் போர்வைக்கு: உங்கள் சிவப்பு 650 ரூபாய், வெள்ளை பாப்ளின் 360, அடித்துணி 900, பருத்திப் பஞ்சு விரிப்பு 1,900, நூல் 340. ஆக 4,150. வேலை செய்த நேரம் 212 மணி. எங்கள் ஊரில் நல்ல தையல்காரருக்குக் கொடுக்கும் கணக்கில் மணிக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலும் 21,200. சுங்குடிக்கு நான் விலை போடவில்லை. இத்தனைக்கும் சேர்த்து நீங்கள் 650 ரூபாய்க்கு, அதுவும் தொண்ணூறு நாளில் உங்களிடமே செலவழிக்க வேண்டிய கூப்பன் தருகிறீர்கள்.

சட்டைத் துணியாக இருந்திருந்தால் சட்டை ஒன்றோடு போயிருக்கும். குயில்ட்டில் ஒரு துணி கெட்டால் அதோடு சேர்த்துத் தைத்த எல்லாத் துணியும் கெடும். குயில்ட்டிங் துணி என்று பெயர் போட்டு விற்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சாதாரண பாப்ளினைவிட மீட்டருக்கு எண்பது ரூபாய் கூட வாங்குவதும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே?

இன்னொரு சங்கதி. குயில்ட் தைக்கிறவர்கள் வேண்டும்போது மட்டும் துணி வாங்குவதில்லை. நல்ல அச்சு, நல்ல நிறம் கண்ணில் பட்டால் அரை மீட்டர், ஒரு மீட்டர் வாங்கி அடுக்கி வைப்போம். 2013-லிருந்து துணிக்கு மட்டும் நான் செலவழித்தது 86,400 ரூபாய் என்கிறது நோட்டு. அதில் 31,000 உங்களுக்குக் கொடுத்தது. கட்டிங் மேட், உருளைக் கத்தி, ஸ்கேல், மெஷின் சர்வீஸ் எல்லாம் தனி. என் பீரோவில் இப்போது வெட்டாமல் இருக்கும் 63 மீட்டரில் 14 மீட்டர் உங்களுடையது. அது மொத்தம் ஒன்பது நிறம். அவை எல்லாவற்றையும் இரண்டு நாள் விடுப்புப் போட்டு, ஓரத்தில் விரல் அகலம் வெட்டிக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றும் சாயம் விடுகின்றன. மற்ற ஆறையும்கூட வெள்ளையோடு சேர்த்துத் தைக்க இப்போது கை வரவில்லை. ஆறு வருடமாகச் சேர்த்தது, திறந்து பார்த்தாலே ஒரு நிறைவு இருக்கும். அது போய்விட்டது.

நான் கேட்பது இதுதான். போர்வைக்கான 25,350 ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். சாயம் விடும் அந்த மூன்று நிறத்தில் வெட்டாமல் மீதம் இருக்கும் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் கொடுங்கள். அப்புறம், என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம்: அதே சிவப்பை வாங்கிய மற்றவர்களுக்கு, வெட்டுவதற்கு முன் அலசிப் பார்க்கச் சொல்லி உடனே தகவல் அனுப்புங்கள். அவர்களில் யாரோ ஒருத்தி இந்த வாரம் அதைப் பேரக்குழந்தையின் போர்வையில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கலாம். "நேரடியாக வெட்டித் தைக்கலாம்" என்ற வரி இன்று காலைகூட உங்கள் பக்கத்தில் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பில், படங்கள், துணி மாதிரிகள், நோட்டின் நகல் எல்லாம் தயாராக இருக்கின்றன.

போர்வை என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் ஆள் யாரையாவது அனுப்பினால் விரித்துக் காட்டுகிறேன். வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், துணிப் பக்கத்தின் படம், மூன்று மல் துண்டுகள், சிவப்புத் துணி மாதிரி.