மூட்டைக்காரியா, பசை வேலையா?

பாம்பன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, தப்புதான். வீட்டில் எல்லோரும் சுகம். அவசரமாக எழுதக் காரணம், நீ வாங்கிய மூட்டைக்காரி ஓட்டைப் பற்றி, அதாவது கல்லையும் சிப்பியையும் தன் ஓட்டில் ஒட்டிச் சுமக்கிற கடல்நத்தையான செனோஃபோராவைப் பற்றி, நீ எழுதிய கடைசி வரி: "ஆசிட்டில் முக்கிப் பளபளப்பாக்கப் போகிறேன்." முக்காதே! ஏற்கெனவே முக்கிவிட்டாய் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், பரோட்டா வாத்தியார் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழு.

நம் மூட்டைக்காரியின் ஓடு மெல்லிசு. கல்லையும் சிப்பியையும் அவள் ஒட்டிவைக்கிற காரையும் அதே சுண்ணாம்புதான். ஆசிட் பட்டால் முதலில் கரைவது அந்தக் காரைதான். ஒட்டியிருந்த மூட்டை தனியே கிண்ணத்தில் கிடக்கும். வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணீர் எல்லாம் ஆசிட்டின் தம்பிமார், அவர்களையும் கிட்டே சேர்க்காதே.

ஆனால் என் கவலை வேறு. உன் படத்தை நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டியிருக்கிற சிப்பி அத்தனையும் கவிழ்ந்து முதுகைக் காட்டுகின்றன. மூட்டைக்காரி அப்படி வைக்க மாட்டாள். சிப்பியென்றால் குழிந்த பக்கம் மேலே, சிறு சங்கென்றால் வாய் மேலே. அதுதான் அவள் வழக்கம். கவிழ்த்து வைப்பது மனுஷப் புத்தி, நமக்கு முதுகுதானே அழகு! ஒன்றிரண்டு மாறியிருந்தால் பரவாயில்லை. எல்லாமே கவிழ்ந்திருந்தால் எங்கேயோ ஒரு பசை டியூப் காலியாகியிருக்கிறது.

அவள் வேலை செய்கிற விதம் தெரிந்தால் மற்றதும் பிடிபடும். பிடித்த கல்லைக் காலாலும் தும்பிக்கை மாதிரி நீளும் வாயாலும் புரட்டிப் புரட்டித் துடைப்பாள். ஓட்டின் விளிம்பில் ஒட்டப்போகிற இடத்தையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் பொருத்துவாள். ஓட்டை நீட்டி வளர்க்கிற சுண்ணாம்பைச் சுரப்பது உள்ளே இருக்கிற சதைமடிப்பின் ஓரம்தான். அதனால் வளர்கிற விளிம்பைத் தவிர வேறெங்கும் புதிதாக எதையும் ஒட்ட அவளால் முடியாது. இந்த வேலைக்கே ஒன்றரை மணி நேரம்வரை ஆகும், அப்புறம் காரை இறுக ஏறக்குறைய பத்து மணி நேரம் அசையாமல் கிடப்பாள். நம்ம ஊர்க் கொத்தனாருக்கு இந்தப் பொறுமை இருந்தால் உன் மாடிப்படி விரிசல் விட்டிருக்குமா?

ஆகவே மூட்டை, சுற்றின் ஓரத்தையொட்டிச் சுருள்வரிசையாகத்தான் போகும். உச்சியில் மணல்பருக்கை அளவு, கீழே வரவர பெரிசு. உச்சியில் பெரிய கல் உட்கார்ந்திருந்தாலோ, இரண்டு ஓரங்களுக்கு நடுவே முதுகில் சிப்பி இருந்தாலோ சந்தேகப்படு. அடிப்பாகத்தில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. கல் உதிர்ந்த இடம் இருந்தால் லென்ஸ் வைத்துப் பார்: அசலில் அந்தக் கல்லின் வடிவத்துக்கே ஓடு குழிந்து வளர்ந்திருக்கும். போலியில் கீழே வழவழப்பான முழு ஓடு இருக்கும், மேலே பசைத்தோல் உரியும். ஊசி நுனியைச் சுடவைத்து இடுக்கில் தொடு. பசை இளகும், நாறும்; சுண்ணாம்பு சும்மா இருக்கும். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் தொட்ட பஞ்சும் உதவும், ஆனால் எபாக்சிப் பசைக்கு அது பலிக்காது.

இன்னொரு பக்கமும் ஏமாறாதே. மூட்டை குறைவு என்பதால் போலி ஆகிவிடாது. இதே குடும்பத்தில் சூரியக்கதிர் மாதிரி முள் நீட்டுகிற ஸ்டெல்லாரியா சொலாரிஸ் இருக்கிறது, 1764இல் லின்னேயஸ் பெயர் வைத்தது. அது உச்சிப் பக்கம் ஏதோ பேருக்கு நாலு துணுக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்குக் கூடுதல் நகை பூட்டி விற்பதுதான் எனக்கு ஆத்திரம். நல்ல சரக்கையே கெடுத்துவிட்டுக் கூட விலை கேட்பது!

எதற்கு இந்தச் சுமை என்று கேட்டிருந்தாய். எதிரி கண்ணுக்குத் தப்ப என்பார்கள். ஆழத்துக் கும்மிருட்டிலும் இந்தக் குடும்பம் வாழ்கிறதே, அங்கே யார் கண்? மெல்லிய ஓட்டுக்கு அது கவசம், கடிக்க வருகிறவன் வாய்க்கு அடங்காத அகலம். எனக்குப் பிடித்த காரணம் சேறு. விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற சிப்பிகள் பந்தக்கால் மாதிரி ஓட்டைத் தாங்கி நிற்கும், ஓடு புதையாது. அடியில் கிடைக்கிற நிழலில் தலையை வெளியே காட்டாமலே மேயலாம். நடையும் ஊர்தல் இல்லை: காலை ஊன்றி, ஓட்டைத் தூக்கி, முன்னால் தொப்பென்று போடுவாள். தொடர்ச்சியான சளித்தடம் விழாததால் மோப்பம் பிடித்து வருகிறவனுக்கும் திண்டாட்டம்.

அசல்தான் என்று தேறினால், சதையை எடுக்க வேகவைக்காதே. பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வை. பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மெதுவாக இளகவிடு. கொக்கியாக வளைத்த கம்பியால் சுருளின் போக்கிலேயே திருகி இழு. வெடுக்கென்று இழுத்தால் பாதி உள்ளே அறுந்து தங்கி மாதக்கணக்கில் நாறும். ஓட்டின் வாயை அடைக்கிற தகடு, அதாவது வாய்மூடி, அதைத் தூக்கி எறியாதே, பஞ்சில் ஒட்டி உள்ளேயே வை. நல்ல தண்ணீர், பழைய பல்துலக்கி போதும். நிழலில் காயவிடு.

கடைசியாக, ஓட்டோடு வைக்கிற குறிப்புச் சீட்டு. சங்காயத்தில் (வலையில் மீனோடு வந்து கழிக்கிற சரக்கில்) பொறுக்கியதா, வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம், எந்தத் தேதி என்று விற்றவனிடம் கேட்டு எழுது. ஒட்டியிருக்கிற சிப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்துக் குறித்துவை, ஒரே ஓட்டில் அந்த இடத்துத் தரையே கிடைத்த மாதிரி. "ராமேஸ்வரம், அழகானது" என்று மட்டும் எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அடிப்பக்கத்தையும் உச்சியையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து உடனே அனுப்பு. தங்கச்சிக்கு என் விசாரிப்பு. வாத்தியாரிடம் விலையை மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்