ஹோரன் சாமிக்கு

அன்புள்ள ஹோரன் சாமி,

‘மான்சிஞ்ஞோர்’ என்று திருச்சபை தந்த பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட என் வாய்க்கு வரவில்லை. எங்கள் ஊரில் பங்குக்குருவைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். உங்களையும் அப்படியே கூப்பிட்டுவிடுகிறேன்.

இன்று ஆகஸ்டு 1. 1986இல் லூர்துக்குத் திருயாத்திரை போன இடத்தில் நீங்கள் கண்ணை மூடிய நாள். நைட் டியூட்டி முடிந்ததும் சீருடையோடு நேராக, அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் நீங்கள் பங்குக்குருவாக இருந்த நாக் ஊருக்கு வந்து, உங்கள் கல்லறைக்கு முன்னால் நின்றேன். போன தடவை இங்கே வந்தபோது உங்களைத் திட்டிவிட்டுப் போனேன். பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குக் கேட்டிருக்கும். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். அங்கே வாய் திறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கட்டியதையெல்லாம் கட்டியவருக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. டூரீன் என்கிற ஊரில் நீங்கள் கட்டிய நடனக்கூடத்தில் பிசாசு வந்து ஆடியதாகக் கதை பரப்பினார்கள். 10,000 பேர் கொள்ளும் பசிலிக்காப் பேராலயம் எதற்கு நாக் போன்ற சின்ன ஊருக்கு என்றார்கள். குன்றின்மேல் விமான நிலையம், 2.3 கிலோமீட்டர் ஓடுபாதை என்றதும், பனிமூட்டமும் சதுப்பும் நிறைந்த இடத்திலா என்று சிரித்தார்கள். அரசு பாதியில் கைவிரித்தது. நீங்கள் குலுக்கல் சீட்டு விற்றுப் பணம் திரட்டினீர்கள்.

அந்தச் சீட்டை விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்ட பாட்டி. பெயரும் வேண்டாம், எந்த முதியோர் இல்லம் என்பதும் வேண்டாம். மேயோவில் ஆட்கள் குறைவு, படிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மழையில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் போய் விற்றாராம். அவருடைய பிள்ளைகள் எல்லாரும் பிறகு அதே குன்றிலிருந்துதான் விமானம் ஏறினார்கள். “வர்றதுக்குன்னுதான் சாமி கட்டினார், போறதுக்கும் வசதியாப் போச்சு” என்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டு, தலையணையைச் சரிசெய்யச் சொல்வார்.

அம்மா இறந்துவிட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்த அன்று நானும் அந்தக் குன்றுக்குத்தான் போனேன். ஜனவரி மாதம், விடியற்காலை. லண்டன் போய், அங்கிருந்து சென்னை. நாக்கில் விமானம் ஏறுகிறவர்கள் வளர்ச்சிக் கட்டணம் என்று 10 யூரோ கட்ட வேண்டும். பலமுறை கட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த இயந்திரத்துக்கு முன்னால் நின்றபோது கார்டின் ரகசிய எண் மறந்துவிட்டது. நாலே நாலு எண். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். மூன்றாவது தடவை விரல் பொத்தான்மேல் நிற்கவே இல்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து மடித்த ஒரு 10 யூரோத் தாளை எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் நீவி நேராக்கிவிட்டு உள்ளே செலுத்தினார். வெளியே வந்த சீட்டை என் கையில் வைத்து, விரல்களை அவரே மூடிவிட்டார். “ஹோரனுக்காக” என்று மட்டும் சொன்னார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தச் சீட்டு கசங்கிப்போய் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

ஒரு வாரத்துக்கு முன்பே கிளம்பியிருக்கலாம், சாமி. லீவு கிடைக்காது என்று எல்லாரிடமும் சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஏன் கேட்கவில்லை என்பதை இங்கே எழுத முடியாது, என் தம்பி இதைப் படிப்பான். அம்மா போன வருடம்போலத் தேறிவிடுவார் என்று நிஜமாகவே நம்பினேன், அதை மட்டும் எழுதுகிறேன்.

நேரம் கடந்துவிடுவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். 1979 செப்டம்பர் 30. எத்தனை வருட உழைப்பு! போப் இரண்டாம் ஜான் பால் நாக்குக்கு வந்தார், லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். நிகழ்ச்சி தாமதமாகி இருட்டிவிட்டது. மக்கள் நடுவே அவர் வலம் வர இருந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன்: 2018 ஆகஸ்டு 26 அன்று போப் பிரான்சிஸ் நாக்குக்கு வந்தார். உங்கள் ஓடுபாதையில்தான் இறங்கினார்.

ஆனாலும் எனக்குக் கோபம் இருக்கிறது. 2023இல் 8 லட்சம் பேருக்கு மேல் அந்தக் குன்றின் வழியே வந்துபோனார்கள். ஒரு முதியோர் இல்லத்தின் ஞாயிற்றுக்கிழமை மதியம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றுதானே டூரீனில் நடனக்கூடம் கட்டினீர்கள்? அதே கையால் ஓடுபாதையும் போட்டீர்களே! சைக்கிளில் சீட்டு விற்றவருக்குக் கடைசியில் சோறு ஊட்டியது நான்தானே?

பாட்டியின் கடைசி நாளன்று மத்தியானம் பிள்ளைகளுக்குப் போன் செய்தோம். லண்டனிலிருந்து இரண்டு பேர் சாயங்கால விமானத்தைப் பிடித்து, இரவு ஒன்பதரைக்கெல்லாம் கட்டில் பக்கத்தில் இருந்தார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டிக்கு இருவரையும் அடையாளம் தெரிந்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது பொறாமைதான், எழுதவே கூசுகிறது. மறுநாள் காலை உங்கள் கல்லறைக்கு வந்துதான் திட்டினேன். இவர்களுக்கு மட்டும் கொடுத்தீரே என்று கேட்டேன். உங்கள் குன்று அன்று எனக்கும் திறந்துதான் இருந்தது. நான்தான் ஒரு வாரம் தாமதித்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள், சாமி.

செப்டம்பரில் என் மகன் படிப்பதற்கு மான்செஸ்டர் போகிறான். டப்ளினிலிருந்து போகிறேன் என்றான். வேண்டாம், நாக்கிலிருந்தே போ என்று சொல்லிவிட்டேன். 10 யூரோத் தாள் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று அவனுக்கு. இன்னொன்று, வரிசையில் யாராவது தடுமாறினால்.