மின்சாரக் காரில் ‘டக் டக்’ சத்தமா? முதலில் சக்கரத்தின் பக்கம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்சாரக் கார் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளில் பேட்டரி, சார்ஜிங், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே பெரும்பாலும் பேச்சு. ஆனால் வாங்கி இரண்டு வருடம் ஓட்டியவர்களுக்கு வேறொரு தலைவலி உண்டு. வண்டிக்கு அடியிலிருந்து வரும் ‘டக் டக்’ சத்தம். அதைப் பற்றி நான் பட்ட பாட்டை எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் இந்தக் கடிதம்.

என் காரில் அந்தச் சத்தம் மூன்று மாதம் இருந்தது. சர்வீஸுக்கு மூன்று முறை விட்டேன், மூன்று முறையும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு ‘எரர் எதுவும் காட்டவில்லை சார்’ என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி முறை அங்கே ஒருவர், மோட்டாரும் கியரும் சேர்ந்த யூனிட்டையே மாற்ற வேண்டி வரலாம் என்று சொல்ல, அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது யோசித்தால் கோபமாக வருகிறது. இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷிலும், பந்துபோல் உருளும் மூட்டான பால் ஜாயின்டிலும் சென்சார் ஏது? அது தேய்ந்து ஆடுவதை ஸ்கேனர் எப்படிக் காட்டும்? வண்டியைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்தால்தானே தெரியும்.

கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். பெட்ரோல், டீசல் வண்டிகளிலேயே கை பழகியவர். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ‘எப்ப வருது, அத முதல்ல சொல்லுங்க’ என்றார். அப்படி நான் கவனித்ததே இல்லை என்பதால் இரண்டு பேருமாக ஓட்டிப் பார்த்தோம். வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சத்தம் இல்லை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் உடனே ‘லொட்டு லொட்டு’. லிங்க் ராடாகத்தான் இருக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி, இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கினால் முறுக்காது, ஒரு பக்கம் மட்டும் அசைந்தால்தான் முறுக்கும். அந்தக் கம்பியின் முனையை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டுதான் லிங்க் ராட்.

அடுத்து அவர் செய்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகத் தூக்கினார். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடித்துவிடும், ஆட்டம் கைக்குத் தெரியாது. முந்தைய மூன்று முறையும் யாராவது அதை ஆட்டிப் பார்த்திருந்தால்கூட ஒருவேளை இதனால்தான் தப்பியிருக்கும். அப்புறம் என் விரல்களை லிங்க் ராடின் பால் ஜாயின்டைச் சுற்றி வைக்கச் சொல்லிவிட்டுக் கம்பியை மேலும் கீழும் அசைத்தார். உள்ளே பந்து தட்டுவது விரல் நுனியில் அப்படியே தெரிந்தது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வற்றி, மண் புகுந்திருந்தது. இரண்டு பக்கமும் புது லிங்க், புது நட்டு போட்டதோடு அந்தச் சத்தம் நின்றது. மோட்டார் யூனிட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. பெரிய சத்தம் போனதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வந்தது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகரும்போது ஒரே ஒரு ‘டிக்’. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் தோள்பகுதி, சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்பில் உட்காரும் இடத்தில், இழுவை திசை மாறும்போது துளி வழுக்குவதால் வருவது இது. ஆக்ஸில் நட்டைக் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்து, பேஸ்ட் தடவி, புது நட்டு போட்டு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கினார். சரியாகிவிட்டது.

மின்சாரக் காரில் இதெல்லாம் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் சின்னத் தட்டல்கூடக் காதில் விழுகிறது. பேட்டரி மட்டுமே பல கார்களில் 300 முதல் 500 கிலோ, அந்தப் பாரம் முழுக்க சஸ்பென்ஷன் மேல். போதாததற்கு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் பிரேக்காக மாறுவதால் இழுவை முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கிறது. காலை எடுக்கும்போதும் மிதிக்கும்போதும் மட்டும் ‘தம்’ என்று வந்தால் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் புஷ்ஷைப் பாருங்கள். பள்ளத்தில் தட்டும் சத்தம் பிரேக்கை லேசாக மிதித்ததும் நின்றால் பிரேக் பேடு ஆடுகிறது. காரை ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் மட்டும் கேட்கும் ‘டக்’ பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டருடையது, அது பழுதே இல்லை. டிக்கியில் ஜாக்கி உருள்கிறதா, சக்கர நட்டு லூஸா என்பதை இதற்கெல்லாம் முன்னால் பார்த்துவிடுங்கள்.

நீங்களே அடியில் பார்ப்பதானால், ஜாக்கியைக் குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள், பேட்டரிக்கு அடியில் வேண்டவே வேண்டாம். ஸ்டாண்டு போடாமல் கீழே போகாதீர்கள், உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடாதீர்கள். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் மாற்றினால் அதன் போல்ட்டை வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும், அதே சத்தம் திரும்ப வரும்.

சர்வீஸ் சென்டர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சத்தம் என்று ஒருவர் வந்தால், ஸ்கேனரை எடுப்பதற்கு முன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மின்சாரக் கார் ஓட்டும் ஒரு வாசகர்