பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் அம்மாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு, இரத ஊர்வலத்தில் அம்மாவுக்கு இளைப்பு (ஆஸ்துமா) கண்டது. சாம்பிராணி, கற்பூரப் புகை, நெரிசல் எல்லாம் சேர்ந்துகொண்டன. "பம்ப்..." என்று மருந்து இழுக்கும் இன்ஹேலரைக் கேட்டவருக்கு அடுத்த சொல் வரவில்லை.

பாட்டை நிறுத்தி, நாற்காலி போட்டு, கூட்டத்தை விலக்கி நின்ற தண்ணீர்ப் பந்தல் தம்பிகளே, முதல் நன்றி உங்களுக்கு. படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்தீர்களே, அதுதான் சரி. தைலத்தோடு ஓடிவந்த பாட்டிமார்களுக்கும் நன்றி. தைலம் மூச்சுக்குழாயை விரிக்காது, ஆனாலும் உங்கள் மனசு பெரிது.

பச்சைப் புடவை அக்கா, உங்களுக்கு எப்படிச் சொல்வது! "எல்லாத்தையும் ஒரேயடியா அடிங்க" என்று யார் யாரோ கத்த, நீங்கள் உங்கள் பையிலிருந்து ஸ்பேசரை, அதுதான் பம்பில் மாட்டி மருந்தை நிதானமாக இழுக்க உதவும் குழலை, எடுத்து அம்மாவின் நீல பம்பைக் குலுக்கிப் பொருத்தினீர்கள். ஒரு அழுத்து, நாலைந்து மூச்சு. மறுபடி குலுக்கி, அடுத்த அழுத்து. ஓர் அழுத்துக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்புட்டமால் மருந்து 100 மைக்ரோகிராம். எத்தனை அழுத்து, எத்தனை மணிக்கு என்று பேனாவால் அம்மாவின் முன்கையிலேயே எழுதினீர்கள். அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் படித்தது அந்தக் கையைத்தான்.

999-க்கு அழைத்தவருக்கும், கயிறு பிடித்து ஆம்புலன்சுக்கு வழிவிட்ட தொண்டூழியர்களுக்கும் நன்றி.

மருத்துவமனையில் ஆக்சிஜனோடு, மருந்தை நுண்துளியாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசர் வைத்தார்கள். சல்புட்டமாலோடு, மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியமும் கலந்து. அம்மாவின் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. நாங்கள் பதற, "மருந்து பண்ற வேலைதான்மா, அடங்கிடும்" என்று தமிழிலேயே சொன்ன தாதிக்கு நன்றி. மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையை இந்த மருந்து சில நிமிடத்தில் தளர்த்தும், உள்வீக்கம் வற்ற ஸ்டீராய்டு வேண்டும், அதற்குச் சில மணி நேரமாகும் என்று அவர் விளக்கிய பிறகுதான், மூச்சு சீரானதும் ஏன் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை என்பது புரிந்தது.

அக்கா, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். ஒருவர் வாய் வைத்த ஸ்பேசரைத் திருப்பித் தருவது முறையல்ல, அதனால் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். அம்மா தன் கையாலேயே தர வேண்டுமாம்.

அன்புடன்,
மகள், பட்டர்வொர்த்