திறமை இல்லாவிட்டால் ஒதுக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சிறப்புக் குழந்தைகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல மனதோடு எழுதப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே வாசித்துக்காட்டும் சிறுவன், எந்தத் தேதியைக் கேட்டாலும் கிழமையைச் சொல்லிவிடும் இளைஞர், நீச்சலில் பதக்கம் வாங்கிய பெண் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் படிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் "இவர்களிடமும் திறமை இருக்கிறது, அதனால் இவர்களை ஒதுக்காதீர்கள்" என்ற தொனியில் கட்டுரை முடிந்தபோது இடித்தது. திறமை இல்லாவிட்டால் ஒதுக்கலாமா?

என் மகளுக்கு 14 வயது. டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் ஒரு மரபணு நிலை. பாட வராது, படம் வரையமாட்டாள், பதக்கம் எதுவும் வாங்கப்போவதாகத் தெரியவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுவாள். பாதி எங்களுக்குப் புரியும், மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். வீட்டில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். மாறி உட்கார்ந்தால் எழுப்பிவிடுவாள், வந்தவர் விருந்தாளியானாலும் சரி. "தெய்வக் குழந்தை" என்று சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் வந்து பார்க்க வேண்டும்! யாருக்கும் பொறுமையைக் கற்றுக்கொடுப்பதற்காக அவள் பிறக்கவில்லை. எங்கள் மகள், அவ்வளவுதான்.

சாதனைக் கதைகள் மீது எனக்கு ஏன் இந்தத் தயக்கம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் ஆட்டிசம் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். அதில் முதலாவதாக வரும் சிறுவன், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். சிறு வயதிலேயே அவரை ஒரு காப்பகத்தில் விட்டார்கள். மனம் கேட்காமல், காப்பகத் தலைவர் தடுத்தும், பெற்றோர் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். அவர் கல்லூரி வரை படித்தார், உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கால்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குப் போய்வந்தார். 2023-இல், 89 வயதில் காலமானார்.

பள்ளிப் பருவத்தில் அவரைப் பற்றி ஒரு கதை ஊரில் பரவியிருந்தது. பள்ளிக் கட்டடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எத்தனை செங்கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். பல பத்தாண்டுகள் கழித்துப் பத்திரிகையாளர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது, வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னதாக அவரே சொல்லிவிட்டார். ஏன் அப்படி என்றதற்கு, அந்தப் பையன்கள் தன்னை நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்றார்.

மற்றப் பையன்களுக்கு நடுவே நிற்பதற்கு ஒரு பையன் அதிசயத்தை இட்டுக்கட்ட வேண்டியிருந்திருக்கிறது. அவருக்கு நல்ல வாழ்க்கை அமைந்ததில் செங்கல் கணக்குக்கு ஒரு பங்கும் இல்லை. அந்த வங்கி தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தமானது, பணத்துக்குக் குறைவில்லை. ஊர் சிறியது, அவருடைய விசித்திரப் பழக்கங்களை யாரும் பெரிதுபடுத்தவில்லை. சாதனைக் கட்டுரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் வருவதில்லை.

பயன்படுகிற மனிதருக்குத்தான் மதிப்பு என்ற கணக்கை ஓர் அரசாங்கம் அதன் கடைசி வரிவரை போட்டுப் பார்த்திருக்கிறது. நாஜி ஜெர்மனியில் பள்ளிக் கணக்குப் புத்தகங்களிலேயே, மனநலம் குன்றியவர்களைப் பராமரிக்க இவ்வளவு செலவாகிறது, அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்கிற மாதிரிக் கேள்விகள் இருந்தன. 1939 ஆகஸ்டில், டவுன் சிண்ட்ரோம் உட்பட்ட குறைபாடுகளோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்படிப் பதிவான குழந்தைகளில் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளிலேயே கொல்லப்பட்டார்கள். பெரியவர்களுக்கென்று நடந்த 'டி4' திட்டத்தில் 1941 ஆகஸ்டுக்குள் சுமார் 70,000 பேர். எதிர்ப்புக் கிளம்பியதும் திட்டத்தை நிறுத்துவதாகச் சொன்னார்கள்; கொலைகள் மட்டும் போர் முடியும்வரை ரகசியமாகத் தொடர்ந்தன. உங்கள் கட்டுரையையும் இதையும் முடிச்சுப் போடுவது அநியாயமாகத் தெரியலாம். உங்கள் நோக்கம் நேர் எதிரானது என்று எனக்குத் தெரியும். ஆனால் "இவர்களாலும் பயன் உண்டு" என்று வாதாடும்போது, பயனைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொண்டு விடுகிறோம் அல்லவா? அந்த அளவுகோலில் தேறாத குழந்தைகள் எப்போதும் இருப்பார்கள். என் மகளே தேறமாட்டாள்.

அவளுடைய நிலையைப் பற்றியே கொஞ்சம் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது என்பது 1959-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் 1983-இல் அவர்களுடைய சராசரி ஆயுள் 25 வயது. இப்போது சுமார் 60. இடையில் அந்தக் குரோமோசோமை மாற்றும் சிகிச்சை எதுவும் வந்துவிடவில்லை. இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். மற்றக் குழந்தைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையை இவர்களுக்கும் செய்ய ஆரம்பித்தார்கள், காப்பகங்களில் அடைத்து வைப்பது குறைந்தது. ஆயுள் கூடியதற்கு இவை முக்கியக் காரணங்கள். 1982-இல் இண்டியானா மாநிலத்தில் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த ஒரு சிசுவுக்கு உணவுக்குழாய் அடைபட்டிருந்தது. அறுவை சிகிச்சையில் சரிசெய்யக் கூடியதுதான். செய்ய வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுத்தார்கள், நீதிமன்றமும் தலையிடவில்லை, சில நாட்களில் குழந்தை இறந்துபோனது. அந்த வழக்கு கிளப்பிய கொந்தளிப்பில்தான், குறைபாடுள்ள சிசுக்களுக்கு இப்படிச் சிகிச்சை மறுப்பதைத் தடுக்க 1984-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது.

என் மகளுக்கும் இதயத்தில் ஓட்டை இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே ஆபரேஷன் செய்தாயிற்று. அதற்கு முன்னால் நாங்கள் பார்த்த ஒரு மருத்துவர், "இப்படிப்பட்ட குழந்தைக்கு அவசியம் செய்யத்தான் வேண்டுமா, யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஓட்டை பெரிதா சிறிதா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வளர்ப்பதில் கஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய். தசைகள் தளர்வாக இருப்பதால் உட்காருவது, நடப்பது எல்லாமே தாமதம். ஸ்பீச் தெரபி, அன்றாடக் காரியங்களைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்று பல வருடங்கள் ஓடின. தைராய்டு, காது, கண் எல்லாவற்றையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். என் மனைவி வேலையை விட்டார். மகளுடைய அண்ணனிடம் "நீதான்டா நாளைக்கு இவளைப் பார்த்துக்கணும்" என்று அவன் விளையாடிக்கொண்டிருந்த வயதிலிருந்தே சொந்தக்காரர்கள் சொல்லிவருகிறார்கள். அவனுக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பது யார் நினைவிலும் இல்லை. இதையெல்லாம் வெளியே சொன்னால் மகளைக் குறைத்துப் பேசுகிறோம் என்று நினைப்பார்களோ என்று பல பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவள் உயிருக்கு மதிப்பு உண்டு என்பதற்காக நாங்கள் களைத்துப் போவதை மறைக்க வேண்டியதில்லை.

இதைவிட அலுப்பான ஒன்று உண்டு. வெளியே போனால் அவள் எதிரிலேயே எங்களிடம் "இவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலருக்குப் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது அதிகம். கேள்வியை அவளிடமே கேட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும், பதில் வந்துவிடும். அந்த ஒரு நிமிடம்தான் யாரிடமும் இருப்பதில்லை. அப்புறம் "எப்போ சரியாகும்?" என்ற கேள்வி. இது காய்ச்சல் இல்லையே, இறங்கிவிட.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு, ஒவ்வொரு மனிதருக்கும் வாழும் உரிமை பிறப்போடு வருவது என்கிறது. திறமையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

எனவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை இந்த விஷயத்தைத் தொடும்போது, சாதிக்காத குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும் ஒருவரை அனுப்புங்கள். குழந்தைகளோடு நிறுத்திவிடவும் வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 40, 50 வயதுக்கு மேல் அல்சைமர் மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். அந்த நோயில் மூளையில் படியும் புரதத்தோடு தொடர்புடைய மரபணு அந்த 21-ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது. அந்த வயதில் பெற்றோர் இருக்கமாட்டார்கள், இருந்தாலும் தள்ளாத வயதாக இருக்கும். 50 வயதில் பிள்ளையும் 80 வயதில் தாயுமாக வாழ்கிறவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், சொத்தும் காப்பாளர் பொறுப்பும் எப்படி ஏற்பாடாகிறது, ஒரு வாரம் ஓய்வு தேவைப்பட்டால் பிள்ளையை எங்கே விடுவது என்றெல்லாம் விசாரித்து எழுதுங்கள். எங்களைப் போன்றவர்கள் முதலில் படிப்பது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

பேட்டி தேவைப்பட்டால் நாங்கள் தயார். வரும்போது நாற்காலி விஷயத்தில் மட்டும் அவள் சொல்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஒரு தந்தை